ஒரே ஒரு பொத்தான்

“இதுக்கு ஆளே வேண்டாம் அண்ணாச்சி. ஒரே ஒரு பொத்தான். அமுக்கிட்டு நீங்க வேம்பாருக்குக்கூடப் போயிட்டு வரலாம்” என்றார் எபனேசர்.

திருவாளர் மகாராஜன் அவர்கள் எபனேசரின் பட்டறை மேசைமேல் இருந்த சிறிய இயந்திரத்தை ஐயத்துடன் நோக்கினார். அவர் தூத்துக்குடி உப்பளங்களுக்கு மோட்டார் விற்பவர். அந்த மோட்டார்களுக்கான சர்க்யூட் போர்டுகளில், கடுகளவே உள்ள பாகங்களைப் பொறுக்கி எடுத்துப் பொருத்துவது அவ்வியந்திரத்தின் பணி.

“போன வருசமும் இப்படித்தான் சொன்னீரு. ஓட்டத் தெரிஞ்ச பையன் துபாய்க்குப் போனான், என் ஆர்டர் பாதியில நின்னுச்சு. ஒத்த ஆள நம்பி நடக்குற பட்டறைக்கு இனி நான் ஆர்டர் தர மாட்டேன்வே.”

குற்றச்சாட்டு நியாயமானதே. பழைய மென்பொருள், தான் செய்யவிருப்பது இன்னதென்று கூறாமலே, ‘உறுதிதானா?’ என்று திரைக்குத் திரை ஆங்கிலத்தில் வினவும் பண்புடையது. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் துபாயில் இருந்தார். இந்த ஆர்டரும் கைநழுவினால், பட்டறையை மூடிவிட்டு மைத்துனரின் மக்ரூன் கடையில் பில் போடும் பாக்கியம் எபனேசருக்குக் காத்திருந்தது.

அந்நிலையில்தான் நாசரேத் ஊரைச் சேர்ந்த பெனிஸ்டன் என்பவர் புதிய மென்பொருளை எழுதித் தந்தார். திரையில் ‘தொடங்கு’ என்று ஒரு பச்சைப் பொத்தான், வேறொன்றும் இல்லை. இன்டர்நெட் மட்டும் இருந்தால் போதும், மற்றதைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்பது அவர் அளித்த வாக்கு.

“குறையே கிடையாதோ?” என்று கேட்டார் மகாராஜன்.

“ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் ஓடாது அண்ணாச்சி. அப்டேட் ஆகும்.”

மகாராஜன் பொத்தானை அமுக்கினார். இயந்திரம் சற்றே தயங்கியது.

“ஏஐ யோசிக்குது” என்று எபனேசர் ஆலயத்தில் பேசுவதுபோல் கிசுகிசுத்தார்.

பிறகு இயந்திரத்தின் கை நகர்ந்தது. போர்டு பிசகின்றி நிறைந்தது. மகாராஜன் அவ்வளவு எளிதில் மகிழ்பவர் அல்லர். பாகங்கள் சுற்றிய சுருள் ஒன்றை வேண்டுமென்றே திருப்பி மாட்டிவிட்டு, மறுபடி அமுக்கினார்.

இயந்திரத்தின் கேமரா அதைப் பார்த்தது. திரையில் எழுத்துகள் தோன்றின: ‘சுருள் திரும்பியிருக்கிறது. பரவாயில்லை, மாற்றி மாட்டுங்கள்.’

“ஏயப்பா! மரியாதயப் பாத்தீரா? என் கடையில மனுசப்பய ஒருத்தன் இப்படிப் பேசுவானா?” மகாராஜன் உருகிப்போனார். அவரது சட்டைப்பையிலிருந்து பேனா வெளிவந்தது.

எபனேசருக்கு மூச்சு வந்தது. மக்ரூன் கடை கண்முன்னிருந்து மறைந்தது. “மணி ஒண்ணாச்சு அண்ணாச்சி. சாப்பிட்டுட்டு வந்து நிதானமா ஆர்டர்ல கையெழுத்துப் போடுங்க.”

“மெஷினுக்கு என்னவே பசி? இன்னொரு போர்டு பாத்துட்டு இப்பமே போடுதேன்.”

சுருளை மாற்றி மாட்டிவிட்டு அமுக்கினார். அசைவில்லை.

“யோசிக்குது” என்றார் எபனேசர்.

மீண்டும் அமுக்கினார். பின்னும் அமுக்கினார். அத்தனை ஆழ்ந்த சிந்தனையை முற்றும் துறந்த முனிவரிடத்தும் காண்பது அரிது.

அப்போது கணினியின் ஸ்பீக்கர் கரகரத்தது. அதிலிருந்து பெனிஸ்டனின் குரல், வாய் நிறையச் சோற்றுடன் வந்தது.

“எபனேசர் அண்ணே, சும்மா சும்மா அமுக்காதீங்க, கை கழுவிட்டு வந்து ஓட்டுதேன்!”