சடையன் வாசித்த தாள்

பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்கிறது சடையன் சட்டைப்பையிலிருக்கும் சர்க்கார் தாள். செங்கல் சூளையில் வாங்கிய முன்பணம் அது. அதற்காகக் குடும்பத்தோடு ஒன்பது வருஷம் அங்கேயே அடைபட்டுக் கிடந்தான். வேடசந்தூரில் சுதந்திர தினக் கூட்டம் நடக்கிறது. பந்தல் ஓட்டைகளின் வழியே காலை வெயில் காசு காசாக விழுகிறது. "நாட்டை உருவாக்குன தலைவருங்க நாப்பத்தேழுலயே கொத்தடிமைய ஒழிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஒரு ஆளு கெடையாது" என்கிறார் மேடையில் கட்சிக்காரர். சடையன் எழுந்துவிடுகிறான். "ஒக்காருப்பு, செத்த நேரத்துல பிரியாணி வந்துரும்" என்று வேட்டியை இழுக்கிறான் பக்கத்திலிருக்கும் குருசாமி. "என்னைய ரெண்டாயிரத்துப் பதினொண்ணுலதாங்கய்யா விட்டாங்க" என்று மேடையருகே போய்த் தாளை எடுத்துக் காட்டிச் சொல்கிறான் சடையன். சிரிப்பு எழுந்து அடங்குகிறது. கட்சிக்காரர் அந்தத் தாளையே பார்க்கிறார். பிறகு குனிந்து மைக்கை நீட்டுகிறார். "எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நீங்க வாசிங்க." விடுதலையான அன்று கைநாட்டு வைத்து வாங்கிய தாள். போன வருஷம் முதியோர் வகுப்பில் கற்ற எழுத்துகளை விரல் ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்கிறது. விசிறிக்கொண்டிருந்த கைகள் நிற்கின்றன. "கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டார்" என்று திக்கித் திக்கி வாசித்தவன், கடைசி வரியைத் திக்காமல் வாசிக்கிறான்: "மேற்படி கடன் முழுவதும் ரத்தாகிறது."