தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

"எம் பிள்ளையத் திருப்பித் தந்துருங்க, தொரைசானி."

சொல்லிவிட்டாள். என்ன வந்தாலும் இந்தப் பேச்சு மட்டும் வாயில் வரக்கூடாது என்று தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் அழகுத்தாயிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

தொரைசானி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னக் கவுன்கள். மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அழகுத்தாய்க்கு முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று காய்ச்சலில் போயிற்று. மற்றது பேர் வைப்பதற்குள் போயிற்று. மூன்றாவது பிறந்ததும், ஊர்ப்பக்கத்து வழக்கப்படி தவிட்டுக்கு விற்றுவிடச் சொன்னார்கள்.

பிள்ளையை முறத்தில் கிடத்தி இன்னொருத்தியிடம் கொடுக்க வேண்டும். அவள் ஒரு படி தவிடு தருவாள். அதோடு அது அவள் பிள்ளை. எமன் தேடி வந்தால் பெற்றவளிடம் ஒன்றும் இருக்காது.

விற்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரிதான் வாங்குவாள். பிள்ளை பால் குடிக்க வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த வருஷம் லயத்தில் சாவு விழாத வீடு இல்லை. எமன் ஏறாத படி பங்களாப் படி ஒன்றுதான் என்றார்கள். தொரைகூட லண்டனில் போய்த்தான் செத்தான்.

பிள்ளை இல்லாத தொரைசானி, குதிரைக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அள்ளிப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே முறத்தை வாங்கினாள். விளையாட்டென்றுதான் அவளும் நினைத்திருப்பாள், முதல் வருஷம்.

விற்றவள் என் பிள்ளை என்று சொல்லக்கூடாது. கொஞ்சக்கூடாது. திரும்பக் கேட்கவே கூடாது. கேட்டால் எமன் காதில் விழும், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துபோகும்.

தொரைசானிக்குச் சித்திரை பிறந்தால் லண்டன், ஐப்பசி பிறந்தால் மலை. மழைக்குப் பயந்து அங்கே, குளிருக்குப் பயந்து இங்கே. பிள்ளை நடக்கப் பழகிய வருஷம் அதையும் கப்பலேற்றிக்கொண்டு போனாள்.

கொண்டுபோகக்கூடாது என்று சொல்லலாம். அதற்கு முதலில் 'என் பிள்ளை' என்று சொல்லியாக வேண்டுமே. புருஷன் சுடலை தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். தீட்டி முடித்தபின்னும் தீட்டினான்.

அப்புறம் எல்லாம் பாதிப் பாதி. மலையில் இருக்கும் ஆறு மாசத்துக்கு அழகுத்தாய்தான் ஆயா. பெற்ற பிள்ளைக்குத் தலைவாரிவிடச் சம்பளம். லயத்தில் வைத்த பேர் பிச்சம்மாள், பங்களாவில் டெய்ஸி. லண்டனில் ராத்திரிச் சாப்பாடு ஆன பிறகும் சூரியன் இறங்காது, வெயிலிலேயே படுக்கப் போக வேண்டும் என்று டெய்ஸி சொல்லும். "சனியனே, தலைய ஆட்டாத" என்று பிச்சம்மாளின் தாய் பேன் பார்ப்பாள்.

பாதிப் பிள்ளையாவது கிடைக்கிறதே என்று இருந்தாள்.

இப்போது தொரைசானி தோட்டத்தில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டாள். இனி ஐப்பசிக்கு யாரும் வரப்போவதில்லை.

தொரைசானி பேசுவது கங்காணியிடம் கற்ற தமிழ். அதட்டுவதற்கென்றே ஆன தமிழ். பரிவு வந்தாலும் அதில்தான் வந்தாக வேண்டும்.

"நீ வித்தாச்சு. ஆறு வருசம் கேக்கலே. ஒரு முத்தம் குடுக்கலே. நான் பாத்தேன். இப்போ என்னா, உன் பிள்ளே?"

கோபமே இல்லை அவளிடம். கண்கூடக் கலங்கியிருந்தது. இவளுக்குப் பிள்ளை வேண்டாம் என்று ஆறு வருஷமாக உண்மையாகவே நம்பியிருக்கிறாள். கெட்டவளாக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டலாம்.

எமனையும் அவன் காதையும் பற்றிச் சொல்ல கங்காணித் தமிழில் வழியில்லை. அழகுத்தாய் சொல்லவும் முயலவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள். தோட்டத்தில் அடுத்த மலையில் கொழுந்து கிள்ளுகிறவளுக்குக் கேட்கப் பேசுவாளே, அந்த அளவுக்கு.

"தருவீகளா, மாட்டீகளா? வாயத் தொறந்து சொல்லிருங்க."

தொரைசானிக்கும் குரல் உயர்ந்தது.

"தரமாட்டேன். அது என் பிள்ளே."

அழகுத்தாய் தலையை ஆட்டினாள். இந்த நியாயம் தனக்குச் சம்மதம் என்பதுபோல.

தொரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார் வந்துவிடும், துறைமுகத்தில் கப்பல் யாருக்காகவும் நிற்காது, குழந்தையை எழுப்பி ஷூ மாட்டிக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு அடுத்த கவுனை எடுத்தாள்.

அழகுத்தாய் வெளியே வந்தாள். பிள்ளை படுக்கும் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதைத் தாண்டி நடந்தாள். சமையல்கட்டைத் தாண்டினாள். புறவாசல் வழியாகத் தேயிலைக்குள் இறங்கினாள்.

அறைக்குள் ஷூ மட்டும்தான் இருந்தது. விடியுமுன்பே சுடலை பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குக் கிளம்பிவிட்டான். இந்நேரம் திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி ஊர்ப்பக்கம் இறங்கியிருப்பான்.

அழகுத்தாய் பங்களாவுக்குப் போனது பிள்ளையை வாங்குவதற்கு அல்ல. மாட்டேன் என்ற பதிலை வாங்குவதற்கு. அதுவும் சத்தமாக. காது உள்ளவனுக்குக் கேட்கும்படி.

கேட்டிருப்பான். பிள்ளை தொரைசானியுடையது என்று அவள் வாயாலேயே கேட்டிருப்பான். இனி லண்டனில் போய்த் தேடட்டும்.

மெட்டை நோக்கி நடந்தாள். எட்டி வைத்து.