ரிஃபாயை ஜெயிக்கணும்

"எனக்கு ரெண்டுண்ணே. உங்களுக்கு எம்புட்டு?"

ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடியே ரிஃபாய் கேட்டான். நாகநாதனுக்கு வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை.

"பதினாலு," என்றார்.

இருவருக்கும் ஒரே வகை ரத்தப் புற்றுநோய். கண்டுபிடித்ததும் ஒரே மாதத்தில். மாதாமாதம் மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒன்றாகத்தான் போவார்கள். துபாயில் பன்னிரண்டு வருஷம் கடையில் நின்றுவிட்டுத் திரும்பிய ரிஃபாய், உச்சிப்புளியில் ரயிலேறி இடம் பிடித்து வைப்பான். மிளகாய் விவசாயி நாகநாதன் பரமக்குடியில் ஏறுவார்.

முதல் நாளே டாக்டர் விளக்கியிருந்தார். "உங்க ரத்தத்துல ஒரு புரதம் கோளாறா உருவாகியிருக்கு. அது மத்த புரதங்கள் மேல பாஸ்பேட்டை ஒட்டி ஒட்டி, 'பெருகு, பெருகு'ன்னு செல்லுக்கு ஓயாம சிக்னல் குடுத்துக்கிட்டே இருக்கு. இந்த மாத்திரை போய் அதோட வாயை அடைச்சுக்கிடும். ஆனா ஒரு நாள்கூட விடக்கூடாது."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட்; இது முதலாவது. கோளாறு எத்தனை சதவீதம் மிச்சம் என்று அதில் தெரியும். குறையக் குறைய நல்லது.

திரும்பி வரும்போது ரயிலில் ரிஃபாய் கேட்டான்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீகளாண்ணே?"

"விட்டுட்டேன் தம்பி. போட்டா குமட்டுது, கெண்டைக்கால் இழுக்குது, மூஞ்சி வீங்குது. ஊர்ல ஒருத்தர் வேர்க்கஷாயம் தாராரு. டாக்டர்ட்ட சொல்லிறாத."

"வேணாம்ணே. கஷாயத்துக்கெல்லாம் இது கேக்காது."

"எனக்குப் புத்தி சொல்லாத. என் உடம்பு எனக்குத் தெரியும்."

மானாமதுரை வரும்வரை ரிஃபாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பிச் சிரித்தான்.

"அப்ப நீங்க என்னையப் பிடிக்கவே முடியாதுண்ணே."

வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு நாகநாதனை விடவில்லை.

"துபாய் காசு. தனியா வெளிநாட்டு மாத்திரை வாங்கிப் போடுறான் போல," என்று மனைவி சுகந்தியிடம் பொருமினார்.

அடுத்த மாதம் மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்டே விட்டார்.

"ரிஃபாய்க்குக் குடுக்குற மாத்திரையவே எனக்கும் குடுங்கம்மா."

"எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான்யா. அவரு தினம் போடுறாரு, அம்புட்டுத்தான்," என்றாள் உள்ளே இருந்த பெண்.

அன்றோடு கஷாயம் குப்பைக்குப் போனது. மத்தியானச் சோறு உண்டதும் மாத்திரை. மிளகாய் பறிப்பு நடந்தாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியானாலும் சரி, மடியில் மாத்திரை இருக்கும். குமட்டினால், 'அந்தப் பயலுக்கு மட்டும் குமட்டாதாக்கும்' என்று பல்லைக் கடித்துக்கொள்வார்.

சிகிச்சை தொடங்கிய ஆறாம் மாதம் அவருக்கு இரண்டு வந்தது. தாழ்வாரத்தில் ரிஃபாயைத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

"நல்லதுண்ணே," என்றான் ரிஃபாய். "எனக்கு அரைக்கு வந்திருச்சு."

நாகநாதனின் முகம் செத்துப்போனது. நாம் ஒரு படி ஏறினால் இவன் நாலு படி ஏறுகிறான்.

ரிஃபாய் அதோடும் விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு போன். "நான் மாத்திரை போட்டுட்டேண்ணே. நீங்க?"

"போட்டாச்சு, போட்டாச்சு," என்று போனை வைப்பார். வைத்துவிட்டு, "பெருமை பீத்துறான்," என்று சுகந்தியிடம் சொல்வார்.

எட்டாம் மாதப் பயணத்தில் ரிஃபாய் கன்னம் ஒட்டி, ஜன்னலில் சாய்ந்தபடி வந்தான். அதிகம் பேசவில்லை. பார்த்த நாகநாதனுக்கு உள்ளுக்குள் ஓர் இனிப்பு. என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம் ரயிலில் ரிஃபாய் இல்லை.

அன்று டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார். "புள்ளி பூஜ்யம் எட்டு. நல்லாக் கட்டுப்பட்டிருக்கு. விட்டுறாம இப்படியே போடுங்க."

நாகநாதனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரிஃபாயைத் தேடினார். தாழ்வாரப் பெஞ்சில் அவன் மனைவி சாலிஹா தனியே உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை கணவனோடு வந்தபோது பார்த்த முகம்.

ரிப்போர்ட்டை அவள் முன்னால் நீட்டினார்.

"பாரு தங்கச்சி. புள்ளி பூஜ்யம் எட்டு. உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு. முடிஞ்சா இப்ப என்னையப் பிடிக்கச் சொல்லு."

சாலிஹா அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று இறைவனுக்கு நன்றி சொன்னாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ரிஃபாய் எங்க?"

"உள்ள ஈசிஜி எடுக்குறாகண்ணே. இன்னைக்கு மாத்திரைய மாத்துறாக, அதுக்கு முன்னாடி இதயத்தைப் பாக்கணுமாம். பழசு அவுகளுக்குக் கேக்கல. அந்தப் புரதம் உருவம் மாறிருச்சாம். மாத்திரை போய் ஒட்ட மாட்டேங்குதாம். ஆறாம் மாசமே ஏற ஆரம்பிச்சிருச்சு."

"ஆறாம் மாசமா? அப்பத்தான அரைன்னு சொன்னாப்ல?"

"மொத தடவை சொன்ன ரெண்டு மட்டுந்தாண்ணே நெசம்."

நாகநாதன் பெஞ்சில் உட்கார்ந்தார். சாலிஹா ரிப்போர்ட்டைப் பதமாக மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"உள்ள போகையிலகூட சொல்லிட்டுத்தான் போனாக. 'அண்ணனுக்கு நல்லா வந்திருந்தா மட்டும் உண்மையைச் சொல்லு. இல்லாட்டி, எனக்குப் பூஜ்யம் வந்திருச்சுன்னு சொல்லிரு'ன்னு."