லேப்காரர் சம்சாரம்

"டவுன்ல லேப் வச்சிருக்காருல்லா குமரகுருபரன், அவரு சம்சாரம்லா இது! என் கொழுந்தனுக்கு அங்கனதான் ரத்தம் பார்த்தோம்" என்று வரிசையில் நின்ற இசக்கித்தாய் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்.

ஏரல் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்கான நாள். வரிசை மொத்தமும் நீலாம்பாளைத் திரும்பிப் பார்த்தது.

நர்ஸ் தேவமணிக்கும் போன வாரத்திலிருந்தே அதே குடைச்சல்தான். திருநெல்வேலியில் புருஷனே லேப் வைத்திருக்க, ரெண்டு பஸ் மாறி இங்கே வந்து எதற்கு ரத்தம் கொடுக்கிறாள்?

இன்று ரிசல்ட் வந்துவிட்டது. படித்ததும் தேவமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நீலாம்பாளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். குரலை மட்டும் குறைக்கவில்லை.

"மேகநோய் இருக்கு உங்களுக்கு, சிபிலிஸ். அதான் வீட்டுக்காரருக்குத் தெரியாம இங்கன வந்தியளாக்கும்?"

"ஆமா சிஸ்டர்."

கொஞ்சமாவது மழுப்புவாள் என்று பார்த்தால், பட்டென்று ஒப்புக்கொள்கிறாளே! தேவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுக்கு முன்னாடி பிள்ளை உண்டா?"

"ரெண்டு. ரெண்டும் எட்டாம் மாசத்துல வயித்துக்குள்ளயே போயிட்டு."

"போகாம என்ன செய்யும்? நீங்க செஞ்ச பாவத்தைப் பச்சப்பிள்ளை தலையில கட்டுனா?"

நீலாம்பாள் அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இதாவது தங்குமா சிஸ்டர்?"

அந்தக் கேள்வியில் தேவமணி சற்று இறங்கி வந்தாள்.

"அஞ்சு மாசம்தான ஆகுது. இன்னைக்கே ஊசி போட்டா தங்க வழி இருக்கு. ஆனா அவரும் போட்டாகணும். அந்த மனுஷன்கிட்ட என்னன்னு சொல்லப் போறிய? பாவம், கேட்டா தாங்குவாரா?"

"அவருக்கு வேண்டாம் சிஸ்டர்."

"ஏன், மாட்டிக்கிடுவோம்னு பயமா?"

நீலாம்பாள் தலையை நிமிர்த்தினாள்.

"அவரு ரெண்டு வருஷத்துக்கு முந்தியே போட்டுக்கிட்டாரு. அவரு ரிப்போர்ட்டும் ஊசிச் சீட்டும் பீரோவுக்குள்ள இருந்ததைப் போன மாசம்தான் பார்த்தேன். அவரு ஊசி போட்டப்ப ரெண்டாவது பிள்ளை எனக்கு வயித்துல மூணு மாசம். அதே நாள்ல எனக்கும் ரத்தம் எடுத்தாரு, சிஸ்டர். 'ஒண்ணும் இல்ல'ன்னு அவரு கையாலயே எழுதித் தந்தாரு."