அசோக்குக்கு மட்டும் சவாரி

"அசோக்குக்கு மட்டும் சவாரி கொட்டுது. எனக்கு ஒண்ணும் வர்ல," என்று ஆவடி டாக்ஸி ஆபீசில் பொருமினான் எத்திராஜ்.

வயர்லெஸ் மெக்கானிக் கனிமொழி அவன் வண்டியைப் பார்க்க வந்தாள். "செட்டுல பேச்சு கேக்குதாண்ணே?"

"கரகரன்னு கேக்குது. சவாரி விலாசம்தான் திரையில வர்ல. ஆபீஸ்ல அனுப்புற பொண்ணு அவனுக்கே அனுப்புது. புது வண்டி வாங்கிட்டான்ல?"

"எப்போலேர்ந்து இப்படி?"

"அவன் வண்டி எடுத்த மறுநாள்லேர்ந்து."

கனிமொழி கூரை மேலிருந்த ஏரியலைத் தடவினாள். அதன் அடியில் மந்திரித்த செப்புத் தகடு இறுக்கிச் சுற்றியிருந்தது. கழற்றியதும் திரையில் சேக்காடு விலாசத்தோடு ஒரு சவாரி வந்து நின்றது.

"இதான் சிக்னலைத் தடுத்துகினு இருந்துது. யாருண்ணே கட்டினது?"

எத்திராஜ் குரல் இறங்கியது. "நான்தாம்மா. புது வண்டில குந்திகினு என் வண்டிய ஒரு மாதிரி பாத்தான். பொறாமை புடிச்சவன், கண்ணு பட்டுடுமேன்னு..."