மேனேஜருக்கு ஒரு லாஞ்சர்

“இருபது அடிக்கு மேல பந்து போகவே கூடாதுங்க. முட்டி தாங்காது” என்றார் கணவர்.

“நூறு அடிக்குக் குறைஞ்சு போற லாஞ்சரா இருந்தா எடுத்துக் காட்டவே வேண்டாம்” என்றார் மனைவி.

செல்லப்பிராணிக் கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர்கள் கூட்டி வந்திருந்த நாயைப் பார்த்தார். அது மின்விசிறிக்கு நேர் கீழே நல்ல இடமாகப் பிடித்து, முன்னங்கால் மேல் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“என்ன பேரு சார்?”

“மேனேஜர்.”

கடைக்காரர் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

“டாக்டர் கறாரா சொல்லிட்டார் அண்ணா” என்று மனைவி விஷயத்துக்கு வந்தார். “சர்க்கரை தாறுமாறா ஏறிக் கிடக்கு. தினமும் காலையில அரை மணி நேரம் ஓடியே ஆகணுமாம். கையால பந்து எறிஞ்சு எறிஞ்சு எனக்குத் தோள்பட்டை கழண்டு போச்சு. அதான் பந்தைத் தூக்கி எறியற லாஞ்சர் வாங்கலாம்னு வந்தோம்.”

“அடப் பாவமே! இப்பல்லாம் நாய்களுக்கும் சர்க்கரை வருதுல்ல? ஆளைப் பார்த்தா தெரியவே இல்லயே!”

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் முந்திக்கொண்டார்.

“வருதுங்க, வருது. கொடுமைதான். நீங்க லாஞ்சரை எடுங்க.”

கடைக்காரர் இரண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். கணவர் பாய்ந்து சின்னதைக் கையில் எடுத்தார். அது சாப்பாட்டுக் கரண்டியை விடக் கொஞ்சம்தான் பெரிது.

“இது போதும். என்ன லட்சணமா இருக்கு!”

“அது குட்டி நாய்க்கு சார்.”

“மனசளவுல இதுவும் குட்டிதாங்க.”

மேனேஜர் ஒரு கொட்டாவி விட்டது. கடைக்காரர் அடுத்ததை எடுத்து விளக்கினார். “இதுல ஒரு வசதி இருக்கு மேடம். கீழ கிடக்கிற பந்து மேல இந்தக் குழியை வெச்சு அமுக்கினா அப்படியே கவ்விக்கும். குனியவே வேண்டாம்.”

“குனிய வேண்டாமா?” கணவரின் முகம் கடைக்குள் வந்ததிலிருந்து முதல் முறையாக மலர்ந்தது.

“குனியறதும் உடம்புக்கு நல்லதுதான்” என்று மனைவி அதை ஓரமாகத் தள்ளினார். “பந்து மட்டும் சிவப்பா கொடுங்கண்ணா.”

“நாய்க்கு சிவப்பு அவ்வளவா தெரியாது மேடம். நீலம் எடுத்துக்குங்க.”

“நீலம் வேண்டாம். போன தடவை வாங்கினேன். புல்லுக்குள்ள தேடித் தேடியே அரை மணி நேரம் போயிடுது, ஓட்டம் எங்க நடக்குது? சிவப்பே கொடுங்க.”

வாடிக்கையாளர் கேட்டால் சிவப்பு. கடைக்காரர் பந்துக் கூடையை மனைவி முன்னால் நகர்த்தினார். அவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கும் நேரத்தில், கணவர் கடைக்காரரின் சட்டையைப் பிடித்துத் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தூரமா போற லாஞ்சர் எதுவும் ஸ்டாக் இல்லன்னு சொல்லிடுங்க.”

“டாக்டரே ஓடச் சொல்லியிருக்காரே சார்?”

“வாயில்லா ஜீவன்ங்க! எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியுமா? விடியறதுக்குள்ள தட்டி எழுப்பி, மைதானத்துக்கு இழுத்துட்டுப் போய், நாக்கு தள்ளத் தள்ள ஓட விட்டு, வீட்டுக்கு வந்தா அரை வயித்துக்குச் சாப்பாடு. ஒரு பிஸ்கட் கிடையாது. அந்த வேதனை அனுபவிச்சாத்தான் தெரியும்.”

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர். நாய் மேல் இப்படி உயிரை வைத்திருக்கிற மனிதரைக் கடைக்காரர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினார்.

“பெருசு ஸ்டாக் இல்ல மேடம்.”

“அப்போ உங்க தலைக்கு மேல சுவத்துல மாட்டியிருக்கிறது என்ன?”

கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். விசையை இழுத்தால் பந்தைத் துப்பும் நீளக் குழல், ‘நூற்றைம்பது அடி’ என்று கொட்டை எழுத்தில் அட்டையோடு தொங்கியது.

“அது... சும்மா அழகுக்கு...”

“அந்த அழகையே இறக்குங்க. எப்படிப் போகுதுன்னு பார்த்துடுவோம்.”

கடைக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் காலி இடம். மூவரும் மேனேஜரோடு அங்கே வந்தார்கள். கணவர் கடைசியாக ஒரு முறை கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் ‘என்னால் முடிந்தது அவ்வளவுதான்’ என்பது போல் உதட்டைப் பிதுக்கி, விசையை இழுத்தார்.

விர்ரென்று போன சிவப்புப் பந்து, கோடியில் இருந்த மதில் மேல் மோதி, உருண்டு, ஒரு லாரிக்கு அடியில் போய் நின்றது.

“ஓடு ராஜா, ஓடு!” என்று கடைக்காரர் நாயின் சங்கிலியைக் கழற்றி விட்டார்.

வந்ததுமே உட்கார்ந்துவிட்ட மேனேஜர் எழுந்திருக்கவில்லை. லாரியைப் பார்த்தது. பிறகு நிதானமாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்து, ஒரே ஒரு முறை அதட்டலாகக் குரைத்தது.

கணவர் பெருமூச்சு விட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். பேண்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு, தொப்பை குலுங்கக் குலுங்க லாரியை நோக்கி ஓட ஆரம்பித்தார்.

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “மேடம்! நாய் இங்கயே உட்கார்ந்திருக்கு. சார் எதுக்கு ஓடறார்?”

கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மனைவி சொன்னார்:

“சர்க்கரை அவருக்குத்தானே அண்ணா!”