அழகம்மா போட்ட கூச்சல்

"கடல் தாண்டி வந்த கூலிங்கன்னு இந்த நாடு நம்மளத் தன் ஜனம்னே சேத்துக்கல. ஓட்டுரிமையையும் புடுங்கிட்டாங்க. இப்பப் புள்ளையக் கொறச்சுக்கன்னு சொல்ல மட்டும் வந்துட்டாங்களாக்கும்!"

அழகம்மா கத்தியதும், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூடியிருந்த ஆம்பளைகள் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது அவள் மகன் சோலைமலைதான்.

தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜனத்தொகை இப்படியே பெருகினால் நாடு முன்னேறாது என்று ஹட்டன் டவுனிலிருந்து வந்த குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரி தொண்டை வறள விளக்கியிருந்தார். இவள் ஒரே வாயில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டாளே!

"அழகம்மாக்கா, தாய் நல்லாயிருக்கணும்னுதான் சொல்றோம். போன பிரசவத்துல ஒங்க மருமக பட்ட பாட்ட நீங்கதானே பக்கத்துல இருந்து பாத்தீங்க? இன்னொண்ணத் தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லலையா?"

"அதெல்லாம் எங்க மாரியாத்தா பாத்துக்குவா! நீங்க ஒங்க சோலியப் பாருங்கம்மா."

மருமகள் நாகலெட்சுமி கைக்குழந்தையோடு தலைகுனிந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்காத்தா இருக்கிற வரைக்கும் ஒங்க பாச்சா இங்க பலிக்காது" என்று சிரித்தான் சோலைமலை.

கூட்டம் கலைந்தது. அதிகாரி பூரணியை முறைத்தார்.

"என்னம்மா, ஒரு பொம்பளைய அடக்க முடியலையா?"

பூரணிக்கு அழுகையே வந்துவிட்டது. நாட்டு ஜனத்தொகை பற்றியெல்லாம் அவளுக்கு அத்தனை கவலையில்லை. நாகலெட்சுமி பிழைத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக்கூட மாமியார்க்காரி குறுக்கே நிற்கிறாளே, இவளும் ஒரு பொம்பளையா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் கிளினிக். தோட்டத்துப் பெண்களுக்காகவே லீவு நாளில் வைத்திருந்தார்கள். கருத்தடை வளையம் வைக்க டாக்டரம்மாவும் வந்துவிட்டார். பூரணியின் தோட்டத்திலிருந்து மட்டும் ஒரு ஈ காக்கை வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழகம்மாவை மனசுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள் பூரணி.

வாசலில் நிழலாடியது. தேங்காய், பழம், பூவோடு அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு அழகம்மா!

"இங்கயும் வந்து கத்தப் போறீங்களா?"

"மெதுவாப் பேசுங்கம்மா." பின்னால் ஒளிந்து நின்ற நாகலெட்சுமியை இழுத்து முன்னால் விட்டாள் அழகம்மா. "இவளுக்கு அந்த வளையத்த வச்சு விடுங்க. மாரியம்மன் கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கோம். வெரசா முடிச்சா, அங்கயும் போயித் திருநீறு வாங்கிட்டு பஸ்ஸப் புடிச்சிருவோம்."

பூரணி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அப்புறம் ஏன்க்கா அன்னைக்கு அந்தக் கத்து கத்துனீங்க?"

"ஓட்டப் பத்திச் சொன்னது நெசந்தாங்கம்மா. அதுக்காக இவ உசுர விட முடியுமா? நான் அங்க தலையாட்டியிருந்தா எம்மவன் இவள லயத்து வீட்டு வாசலத் தாண்ட விட்டிருப்பானா? அந்தக் கூச்சலக் கேட்டுத்தான் என்னைய நம்பி அனுப்பி வச்சான்."

நாகலெட்சுமி உள்ளே போனதும், அழகம்மா பூரணியின் காதருகே குனிந்தாள்.

"அடுத்த கூட்டத்தச் சீக்கிரம் வைங்கம்மா. நான் இன்னும் பலமாத் திட்டணும். லயத்துல பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிற மீனம்மாவும் எங்கூடக் கோயிலுக்கு வரணும்ங்கிறா."